அதிராத மேசை

நம்மில் யார் வீட்டில் அப்போது மேசை இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம். நெய்வேலி குவார்ட்டர்ஸ் சுவர்களில் சுண்ணாம்பு வாசனை போகாத காலம். ஷிப்ட் சங்கு ஊதினால் தெருவே கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும். நாமெல்லாம் தகரப் பெட்டிமேல் நோட்டை வைத்து வீட்டுக்கணக்கு எழுதியவர்கள்தானே. சாப்பாடு தரையில், தூக்கமும் தரையில். அதிகாரிகளின் பெரிய வீடுகளில் சாப்பிடுவதற்கென்றே மேசை உண்டு என்று கேள்விப்பட்டுச் சிரித்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் மேசை இருந்தது. அதில் யாரும் சாப்பிட்டதில்லை, எழுதியதும் இல்லை. அம்மா தோலில் பூ செதுக்குவதற்காக அப்பா செய்து கொடுத்த மேசை அது. எங்கள் பிளாக்கிலேயே ஆடாமல் அசையாமல் இருக்கிற ஒரே பொருள் அதுதான் என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார். என்னோடு படித்த உங்களில் சிலர் வந்து தொட்டுக்கூடப் பார்த்திருக்கிறீர்கள். அதைப் பற்றி இத்தனை காலம் உங்களிடம் நான் பேச்செடுக்காததற்குக் காரணம் வெட்கம்தான். இந்த வயதிலும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு கோடையில் நம் மாதர் மன்றத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு டீச்சர் வந்து தோல் கைவேலை வகுப்பு நடத்தினார். உங்கள் அம்மாக்களும் போயிருப்பார்கள். முதல் நாள் கூடம் நிறைந்திருந்ததாம். தோலை எடுத்து விரித்ததும் பாதிப்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்வெட்டர் பின்னும் வகுப்புக்கு ஓடிவிட்டார்களாம். நெய்வேலி வெயிலில் ஸ்வெட்டர்! யாருக்குப் போட்டார்களோ, தெரியாது.

எங்கள் அம்மா ஓடவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே இருந்தவரைக்கும் செருப்பைத் தொட்டவர்கள் கை கழுவாமல் அடுப்படிக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டவள் அம்மா. இங்கே வந்து ஒரே கோடையில், மாட்டுத்தோலை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகிவிட்டாள். கேட்டால், "பதம் போட்ட தோலுட்டி, இதுல என்ன இருக்கு?" என்பாள். ஊரிலிருந்து மாமா வருகிறார் என்று தகவல் வந்தால் மட்டும் தோல், கத்தி, சாயப்புட்டி எல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விடும்.

வேலை பார்க்க எளிது போலத் தெரியும். தோலை ஈரத்துணியால் நனைத்து, படத்தைக் கோடாக அதில் இறக்கி, சிறு கத்தியால் கோட்டின் வழியே கீற வேண்டும். பிறகு இரும்பு அச்சை அந்தக் கீறலை ஒட்டி நிறுத்தி, மரச்சுத்தியால் ஒரு தட்டு. தட்டிய இடம் அமுங்க, பக்கத்து இதழ் மேலெழும்பும். அச்செல்லாம் அப்பா ஒர்க்‌ஷாப்பில் பெரிய ஆணிகளின் தலையை அராவிச் செய்து கொடுத்தவை. ஒன்றில் பிறைநிலா, ஒன்றில் நெல்மணி, ஒன்றில் மீன்செதில். ஒரு பழைய பவுடர் டப்பாவில் கிடந்து அவை கலகலத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டப்பா எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

தொல்லை என்னவென்றால், தட்டும்போது கீழே இருப்பது அசையக்கூடாது. அம்மா முதலில் தகரப் பெட்டிமேல் வைத்துத் தட்டினாள். கோயில் மேளம் மாதிரி வீடே அதிர்ந்தது. பக்கத்துப் போர்ஷன் மாமி, நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிற தன் வீட்டுக்காரரை நாங்கள் எழுப்பிவிட்டதாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கரண்டியால் பதில் தட்டினாள். ஸ்டூலில் வைத்தால் அச்சு துள்ளி இரண்டு தடம் விழுந்தது. அம்மா செதுக்கிய முதல் அன்னப்பறவைக்கு இரண்டு அலகு. அதைப் பார்த்து நான் சிரிக்க, அம்மா அழுதுவிட்டாள்.

அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. அவர் மைன்ஸில் பம்பு, மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபோர்மேன். உலகத்தில் அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'வைப்ரேஷன்'. ஓடுகிற மோட்டாரின் அடிப்பீடத்தில் தம்ளர் நிறையத் தண்ணீரை வைத்துப் பார்ப்பாராம். தண்ணீர் நடுங்கினால் அஸ்திவாரத்தில் கோளாறு. "எவர்சில்வர் தம்ளர் ஒண்ணு குடு. தண்ணி நடுங்காத மேசை செஞ்சு தாரேன்" என்று அம்மாவிடம் சபதம் போட்டார்.

அந்த மழைக்காலத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த மேசைக்கே போயின. ரஷ்யாவிலிருந்து எந்திரம் வந்திறங்கிய பெட்டிகளின் பலகைதான் மரம். நம் ஊரில் பாதி வீடுகளில் கோழிக்கூடு அதில்தான் இருந்தது. வெள்ளை மரம், பிசின் வாசனை, நமக்குப் புரியாத எழுத்துகள். அப்பா கால் வைத்தார், குறுக்குக்கட்டை வைத்தார், அதற்கு மேல் சாய்வுக்கட்டை வைத்தார். தம்ளரை வைத்து அம்மா தட்டினாள். தண்ணீர் நடுங்கியது. மரக்கால்களுக்கு அடியில், தேய்ந்துபோய்க் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டி வைத்தார். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. மண்ணெண்ணெய் டின்களில் செம்மண்ணை இறுக்கி அடைத்து, ஒவ்வொரு காலையும் ஒரு டின்னுக்குள் புதைத்தார். அப்போதும் தண்ணீரின் ஓரத்தில் ஒரு சின்ன வளையம் வந்தது. "மேல கனம் பத்தல. கல்லு வேணும்" என்றார் அப்பா.

கல் வந்தது. மைன்ஸுக்காக எடுத்துக்கொண்ட ஒரு ஊருக்கு அப்பா வேலையாகப் போயிருந்தார். ஜனங்களெல்லாம் மந்தாரக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் கொடுத்த மனைகளுக்குக் குடிபோய்விட்டார்கள். கூரை பிரித்த சுவர்களும் புளியமரங்களும்தான் மிச்சம். அங்கிருந்து ஒரு காண்ட்ராக்டரின் லாரியில் நீளமான கருங்கல் பலகை ஒன்று எங்கள் வாசலில் வந்திறங்கியது. "யார் வீட்டு வாசப்படியோ. அநாதையாக் கெடந்துது" என்றார் அப்பா.

ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாக இருந்ததால் அதைக் கீழே திருப்பிப் போட்டார். மறுபக்கத்தைத் தண்ணீர் விட்டு, சாணைக்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு வழவழப்பாக்கினார். கொல்லையெல்லாம் சாம்பல் நிறச் சேறு. தோள் வீங்கிப்போய், கையைத் தூக்கித் தலை சீவ முடியாமல் வேலைக்குப் போனார். மேல்பலகையைக் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தின்மேல் கல்லை ஏற்றியதும் தம்ளரை வைத்து அம்மாவிடம் சுத்தியைக் கொடுத்தார். அம்மா ஓங்கித் தட்டினாள். தண்ணீர் அப்படியே நின்றது. அப்பா எங்கள் இரண்டுபேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நினைத்தால் அவர்மேல் முழுசாகக் கோபப்பட எனக்கு இப்போதும் மனம் வருவதில்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கூட்டித் துடைக்க ஒரு அக்கா வருவாள். மந்தாரக்குப்பம் தாண்டியிருந்த அந்த மனைகளிலிருந்து நடந்து வருவாள். இடம்பெயர்ந்த ஊர்களில் ஒன்று அவளுடையது என்று எங்களுக்குத் தெரியும். எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்துப் பக்கத்தில் எத்தனையோ ஊர் போயிருந்ததே, நமக்கெல்லாம் ஒன்றுதானே.

மேசை முடிந்த மறுநாள் காலையில் அவள் துடைப்பத்தோடு உள்ளே வந்து, அப்படியே நின்றாள். கல்லின் விளிம்பில் கையை வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவினாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லா இருக்கா?"

"நல்ல கல்லுங்கம்மா. எங்கேர்ந்து வந்திச்சு?"

"ஐயா கொண்டாந்தாவ. யார் வீட்டு வாசப்படிக் கல்லோ."

"வாசப்படிங்களா" என்று கேட்டுவிட்டு அவள் உட்கார்ந்து கூட்ட ஆரம்பித்தாள்.

எனக்கு அந்த மேசைக்கு அடியில்தான் வாசம். நான்கு டின்களுக்கு நடுவே என் சொப்புச் சாமான், என் கிழிந்த படப்புத்தகம், பக்கத்து வீட்டுப் பூனை. அம்மா மேலே தட்டுகிற ஓசை கீழே அமுங்கித்தான் கேட்கும். தொட்டால் கல்லுக்குள் ஏதோ மெதுவாக வந்து போகும். மல்லாந்து படுத்தால் முகத்துக்கு நேரே அந்தப் பள்ளம். மேலே எவ்வளவு வழவழப்போ அதைவிட அது வழவழப்பு. அப்பா சாணைக்கல்லை அங்கே கொண்டுபோகவேயில்லை. பின்னே எப்படி அப்படி ஆயிற்று என்று நான் யோசிக்கவில்லை. வெயில் நாளில் எம்பிக் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும், அது போதும்.

அம்மாவின் கை தேறியது. அன்னத்துக்கு ஒரே அலகு. தாமரை, மயில், மாங்காய்க் கொடி. பர்ஸிலிருந்து கைப்பைக்கு வந்தாள். பொங்கலையொட்டி மாதர் மன்றம் நடத்தும் கண்காட்சிக்கு ஒரு பெரிய கைப்பை செய்யச் சொன்னார்கள். வெளிநாட்டு எஞ்சினியர்களின் மனைவிமார் வருவார்களாம். அதுவரை அம்மாவை அந்த மன்றத்தில் யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பம்ப் ஹவுஸ் ஃபோர்மேன் வீட்டம்மா' அவ்வளவுதான். இப்போது பெயர் சொன்னார்கள். அம்மா கண்ணாடிமுன் நின்று தன் பெயரை ஒருமுறை தானே சொல்லிப் பார்த்ததை நான் கண்டேன்.

அந்த நாட்களில்தான் அக்கா கதை சொல்ல ஆரம்பித்தாள். அதுவரைக்கும் அதிகம் பேசாதவள். கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லுவாள். அம்மா உள்ளே தோலைக் கீறிக்கொண்டே 'ம்' கொட்டுவாள்.

"எந் தங்கச்சி வயித்துப் புள்ளையோட பூட்டுதும்மா. அதும் பேருக்கு ரோட்டோரமா சொம தாங்கி வெச்சோம்."

நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. பிள்ளையைப் பெற்று இறக்காமலே போன பெண்ணுக்கு வைக்கிற கல். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போடுவார்கள். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி மூச்சு வாங்கும்போதெல்லாம், செத்தவளுக்கு அவள் சுமை இறங்குகிறது என்று நம்பிக்கை.

"புது மனைக்கி வரப்ப, அறுப்பு முடிஞ்சதும் வண்டி கட்டினு வந்து எடுத்துகினு போலாம்னு சொல்லினு வந்தோம்மா. போயி பாத்தா நட்ட கல்லு ரெண்டும் சாஞ்சி கெடக்குது. மேல் கல்லக் காணோம். எங்கம்மா சோறு எறங்காம கெடக்குது. அந்தப் பொண்ணு இன்னும் தூக்கினே நிக்குதேன்னு அழுவுது."

"யாராவது வீடு கட்ட எடுத்திருப்பாங்க" என்றாள் அம்மா. "வேற கல்லு வைக்கக் கூடாதா?"

"வெக்கலாம்மா. ஆனா அது கொள்ளப் பேரு சொம வெச்ச கல்லு. வெச்சி வெச்சி நடுவுல பள்ளமே வுழுந்திரிச்சி. ஒரு கைப்புள்ளய படுக்க வெக்கலாம், அப்பிடி."

நான் அப்போது மேசைக்கு அடியில் படுத்திருந்தேன். என் மூக்குக்கு நேரே பள்ளம். மேலே அம்மாவின் தட்டல் நின்றுவிட்டது. வெளியே அக்கா சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் வேலை முடித்துப் போனதும் அம்மா குனிந்து, முழங்காலிட்டு, என் பக்கத்தில் தவழ்ந்து வந்தாள். மேசைக்கு அடியில் அம்மா வந்தது அதுதான் முதல் தடவை. பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து அப்படியே இருந்தாள். "இதை யார்ட்டயும் சொல்லிராதட்டி" என்றாள்.

அப்பா ஷிப்ட் முடித்து வந்து காபி குடிக்கும்போது அம்மா கேட்டுவிட்டாள். "இது வாசப்படிக் கல்லா?"

அப்பா காபியை ஊதினார். "சும தாங்கிதான். ஊரே இல்ல, ரோடே இல்ல, அதுல எவன் சுமைய வைக்கப் போறான்? ரெண்டு மாசத்துல மண்ணு வெட்டுற மெஷின் வந்து முழுங்கிருக்கும். நான் காப்பாத்தியிருக்கேன்னு வச்சுக்கோ."

"நம்ம வீட்டுக்கு வாற பொண்ணோட கல்லு அது."

அப்பா அதை எதிர்பார்க்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எடுத்துக்கிட்ட நிலத்துல இருந்து நான் லாரி வச்சு ஏத்தினது வெளிய தெரிஞ்சா என் வேலைக்கு என்ன ஆகும், யோசிச்சியா?" என்றார். "அவளுக்குத் தெரியாதுல்லா. தேய்ச்ச பக்கம்தானே மேல இருக்கு."

"குடுத்துருவோம். கண்காட்சி முடியட்டும்" என்றாள் அம்மா. அப்பாவும் சரி என்று தலையாட்டினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, நீங்களே அறிவீர்கள். நல்லவர்களுக்குத்தான் தவணை கேட்க நன்றாக வரும்.

கண்காட்சியில் அம்மாவின் கைப்பை நடு மேசையில் இருந்தது. தாமரைக் குளத்தில் அன்னம். ஒரு வெள்ளைக்காரம்மா அதைத் தடவிப் பார்த்து ஏதோ சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். முதல் பரிசு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் உயரத்துக்கு வெள்ளிக்கோப்பை. கூடவே இன்னும் பைகள் வேண்டும் என்று நாலைந்து அதிகாரி வீட்டம்மாக்கள் கேட்டார்கள். "அதை முடிச்சுக் குடுத்துருவோம்" என்றாள் அம்மா. அப்புறம் என் பரீட்சை. அப்புறம் அப்பாவுக்குப் புரமோஷன் வருகிறது, வேறு பிளாக்கில் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைக்கும், அப்போது எப்படியும் மேசையைப் பிரிக்கத்தானே வேண்டும்.

கல்லுக்குப் பதிலாக மற்றதெல்லாம் கொடுத்தார்கள். அதுவரைக்கும் அக்காவுக்குக் கொல்லை மாடத்தில் தனித் தம்ளர். அம்மா திடீரென்று வீட்டுத் தம்ளரில் காபி கொடுக்க ஆரம்பித்தாள். அக்கா வாங்கி, தன் தம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, வீட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தாள். அம்மா தன் நல்ல சேலையில் ஒன்றைக் கொடுத்தாள். அப்பா, வேலையில்லாமல் இருந்த அக்காவின் தம்பியைத் தன் செக்‌ஷனிலேயே காண்ட்ராக்டில் சேர்த்துவிட்டார். "பர்மனென்ட் ஆக்கவும் சொல்லி வைக்கேன்" என்றார். அன்றைக்கு அக்கா அப்பாவைக் கும்பிட்டாள். அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்திருப்பார் போல.

அதற்குப் பிறகும் அக்கா கதையை விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கல் பேச்சு வரும். சொல்லி முடித்துவிட்டு, தேய்க்கிற கையை நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். உள்ளேயிருந்து அம்மாவின் 'ம்' வரும். பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பிப்பாள். "சொன்னதையே சொல்லுதா பாவம், மனசு ஆறல" என்று அம்மா அப்பாவிடம் சொல்லுவாள்.

இதற்கிடையே மேசைக்கு அடியில் எனக்கு ஒரு ரகசியம் கிடைத்தது. ஒருநாள் பள்ளத்தில் கன்னத்தை வைத்தபோது மஞ்சள் வாசனை அடித்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. பள்ளத்தின் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. அமாவாசை கழித்துப் பார்த்தால் எப்போதும் புதுசாக இருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாதான். பகலெல்லாம் மேலே தோலை வைத்துத் தட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் அந்தப் பெண்ணுக்கு மஞ்சள் பூசுகிறாள். என் அம்மா அப்படிப்பட்டவள்தான் என்று நினைத்தேன். கேட்டால் வெட்கப்படுவாள் என்று கேட்கவில்லை. கல்லைப் பற்றி மனசில் இருந்த உறுத்தலும் அத்தோடு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் யாராவது தங்கள் அம்மாவைப் பற்றிப் பீற்றிக்கொண்டால், நான் மனசுக்குள் அந்த மஞ்சளை நினைத்துக்கொள்வேன்.

கோடையில் புது குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வீடு மாறும் அன்று காலையிலேயே அப்பா சாமான் ஏற்ற செக்‌ஷன் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். அக்காவின் தம்பியும் அதில் ஒருவன். அக்கா வீட்டைக் கழுவிவிட வந்திருந்தாள். அண்டா, தகரப் பெட்டி, தையல் மெஷின் எல்லாம் வண்டிக்குப் போயின. கடைசியாக மேசை. அப்பா அதைப் பற்றி என்ன நினைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. "கல்லை மெதுவா எறக்கிச் சொவத்துல சாச்சு வைங்க, பாத்துக்கிடலாம்" என்றார். இன்னொரு தவணை.

நான்கு பேர் தூக்கினார்கள். வாசலுக்குக் கொண்டுவந்து, விளிம்பில் நிறுத்தி, சுவரில் சாய்த்தார்கள். சாய்த்தபோது அடிப்பக்கம் வெளியே பார்த்து நின்றது.

வெயில் அதன்மேல் விழுந்தது. பள்ளம் முழுக்க மஞ்சள். ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ தடவை பூசிக் காய்ந்து வெடித்த மஞ்சள். நடுவில் குங்குமம் கட்டியாக நின்றது. மேசையின் குறுக்குக்கட்டை இருந்த இடத்தில், செருகி வைத்த சாமந்திப்பூ சருகாகி ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். அக்காவின் தம்பி கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லாரும் மஞ்சளையே பார்ப்பதைக் கண்டு எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. "எங்கம்மாதான் பூசினாங்க! அமாவாசைக்கு அமாவாசை பூசுவாங்க!" என்று சத்தமாகச் சொன்னேன்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் பூசலட்டி" என்றாள்.

அப்படியென்றால் யார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் மேசைக்கு அடியில் போவது இரண்டு பேர்தான். விளையாட நான், கூட்டித் துடைக்க அக்கா.

அவள் வாசற்படியில் ஈரத்துணியோடு நின்றிருந்தாள். முதல் நாள் காலையில் கல்லின் விளிம்பைத் தடவியபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை மாதம் கொல்லையில் உட்கார்ந்து அவள் சொன்னதெல்லாம் எங்களிடம் கல்லைக் கேட்டதுதான். வாய்விட்டுக் கேட்டால் தன் வேலை போகும். பிற்பாடு தம்பியின் வேலையும் சேர்ந்து போகும். அதனால் கதையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, நாங்கள் வாயைத் திறப்போமா என்று தேய்க்கிற கையை நிறுத்திக் காத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அம்மா 'ம்' கொட்டினாள். ஒரு பெண்ணின் கல்மேல் தினமும் மாட்டுத்தோலை வைத்துத் தட்டுகிற ஓசையைக் கேட்டுக்கொண்டு கொல்லையில் பாத்திரம் தேய்த்துவிட்டு, கூட்டுகிற சாக்கில் அவள் அதற்கடியில் தவழ்ந்து தங்கைக்கு மஞ்சள் பூசியிருக்கிறாள்.

தம்பி அவளைப் பார்த்து, "யக்கா, உனக்குத் தெரியுமா?" என்றான்.

"சாமான் வெயில்ல நிக்குது. மொதல்ல ஏத்துடா" என்றாள் அவள்.

அப்பா முன்னால் வந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. எந்த மோட்டாரின் முன்னாலும் தடுமாறாதவர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "இதை… இதை இன்னிக்கே லாரியில ஏத்தி விட்டுடுறேன். உங்க ஊருக்கே கொண்டு போயிரலாம்" என்றார்.

"எந்த ஊருக்குங்க ஐயா?" என்று கேட்டாள் அக்கா.

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். அந்த ஊர் இருந்த இடத்தில் அப்போது பெரிய பள்ளம். அப்பா வேலை பார்த்ததே அந்தப் பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியேற்றும் பம்புகளில்தான். அம்மா உள்ளே போய், பெட்டியில் வைத்திருந்த ஒரு கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். இருந்ததிலேயே நல்லது. அதை அக்காவிடம் நீட்டினாள். எதற்கு நீட்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அக்கா தன் ஈரக்கையைக் காட்டி, "கறையாயிடும்மா, உள்ள வைங்க" என்றாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும்.

சாயங்காலம் தம்பி ஒரு கட்டைவண்டி கொண்டுவந்தான். கல்லை வைக்கோல் பரப்பி அதில் ஏற்றினார்கள். அப்பாவும் கை கொடுக்கப் போனார். "நாங்க பாத்துக்கறோம் ஐயா" என்றான் அவன். அக்கா வண்டிக்குப் பின்னால் நடந்து போனாள். புது பிளாக் தூரமாக இருக்கிறதென்று சொல்லி, அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரவில்லை. தம்பி அப்பாவின் செக்‌ஷனில்தான் தொடர்ந்து வேலை செய்தான். காலையில் அவரைப் பார்த்தால் வணக்கம் வைப்பானாம். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள முடியாமல்தான் அப்பா வேறு ஷிப்ட் கேட்டு மாறினார் என்று அம்மா ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள்.

புது வீட்டில் அம்மா மேசை கேட்கவில்லை. அப்பாவும் செய்கிறேன் என்று சொல்லவில்லை. அதிகாரி வீட்டம்மாக்கள் கேட்டபோது, கை நடுங்குகிறது என்று சொல்லிவிட்டாள்.

அதற்கடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். நானும் அம்மாவும் மந்தாரக்குப்பம் தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நடந்தே திரும்பி வந்தோம். பஸ் வரவில்லை. கல்யாண வீட்டில் கொடுத்த தேங்காயும் பலாப்பழமும் அம்மாவின் பையில். என் கையில் பலகாரத் தூக்கு. வெயில் சுட்டது. மனைகளுக்குத் திரும்புகிற பாதையோரம் இரண்டு கல் நட்டு, மேலே அந்தக் கல். பள்ளம் மேலே பார்த்திருந்தது. மஞ்சள் புதுசாக இருந்தது.

நான் ஓடிப்போய்க் குனிந்து அடியில் பார்த்தேன். அப்பா தேய்த்த வழவழப்பு அப்படியே இருந்தது. அம்மா சிந்திய சாயத்தின் செம்பழுப்புக் கறை ஓரமாகத் தெரிந்தது. கத்தி வழுக்கி விழுந்த கீறல்கள்கூட இருந்தன. இப்போது எங்கள் பக்கம்தான் யார் கண்ணுக்கும் படாத அடிப்பக்கம்.

புல்லுக்கட்டை அதன்மேல் இறக்கிவிட்டு நிழலில் நின்றிருந்த ஒரு பெரியவர், அம்மா பையைக் கை மாற்றுவதைப் பார்த்தார். "எறக்கி வைம்மா. எந்நேரம் தூக்கினு நிப்ப? சொம தாங்கிதான, யாரு வேணா வெக்கலாம்" என்று தன் கட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

"இருக்கட்டுங்க" என்றாள் அம்மா.

நான் தூக்கை வைக்கப் போனேன். அம்மா என்னைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டேன். பலாப்பழத்தின் முள் பைக்கு வெளியே குத்தி அவள் விரல்கள் சிவந்திருந்தன. பெரியவர் எங்களை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிளாக் வரைக்கும் நடந்தோம். ஓரிடத்திலும் அவள் பையைக் கீழே வைக்கவில்லை.